பீரங்கி சொல்லாத கதை – ஏற்காட்டிலிருந்து கோட்டை அருங்காட்சியகம் வரை

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் என்னென்ன பார்க்கிறார்கள்? ஏரியில் படகு விடுகிறார்கள். லேடீஸ் சீட்டில் நின்று, கீழே சேலம் நகரத்தின் விளக்குகளைப் பார்க்கிறார்கள். பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், மே மாதமாக இருந்தால் மலர்க் கண்காட்சி... 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்புக்குச் சூடாக ஒரு காப்பி. அத்துடன் சுற்றுலா முடிந்தது. இந்த மலைக்கும் போருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

சம்பந்தம் உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர்தான் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டு வந்தவர். அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய பங்களா 'கிரேஞ்ச்'. 1857-ல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி வந்தபோது, இந்தப் பங்களாவைக் கோட்டைபோல் பலப்படுத்திப் பீரங்கிகளை ஏற்றி வைத்தார்கள் என்றும், ஆறு மாதத்துக்கு வேண்டிய உணவை நிலவறையில் சேமித்து வைத்தார்கள் என்றும் ஏற்காட்டின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஆனால் போர் மலையேறி வரவில்லை. பீரங்கிகளுக்கு வேலையும் இல்லாமல் போயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கலகம் நடந்தது மீரட்டிலும் டெல்லியிலும் கான்பூரிலும். அங்கிருந்து எவ்வளவோ தூரம் தள்ளியிருக்கும் காப்பித் தோட்டத்து ஆங்கிலேயர்கள் ஏன் பயந்தார்கள்? இந்த மண் தங்கள் கைக்கு எப்படி வந்தது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பயந்தார்கள். வாங்கியதோ, பரிசாகப் பெற்றதோ அல்ல. போரில் பிடித்தது!

மலை கைமாறிய கதை

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலமும், அதற்கு வடக்கே இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை உள்ளடக்கிய பாராமகால் பகுதியும் மைசூர் அரசின் கீழ் இருந்தன. முதலில் ஹைதர் அலி, பிறகு திப்பு சுல்தான். மைசூர் பீடபூமியிலிருந்து தமிழகச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இந்தப் பக்கம்தான். ஆகவே எந்தப் படை எந்தத் திசைக்குப் போனாலும் இந்த ஊர்களின் வயல்களை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

1790 முதல் 1792 வரை மூன்றாம் மைசூர்ப் போர் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி, மராட்டியர், ஹைதராபாத் நிஜாம் ஆகிய மூவரும் ஒரு பக்கம், திப்பு மறுபக்கம். கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. மார்ச்சில் உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார். பணம் வந்து சேரும்வரை அவருடைய இரண்டு மகன்கள், அப்துல் காலிக், முயிசுதீன் என்ற சிறுவர்கள், பிணையாக ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்கள் மதராஸுக்குக் கொண்டுவரப்பட்டு, 1794-ல்தான் தந்தையிடம் திரும்பினார்கள்.

அந்த உடன்படிக்கையில் கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் மலபார், திண்டுக்கல் இவற்றோடு சேலமும் பாராமகாலும் இருந்தன. சேர்வராயன் மலையும் அதோடு சேர்ந்தே போயிற்று. அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மலையாளிப் பழங்குடி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போர் முடிந்ததும் வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தோடு வந்தார்கள். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. கிராமம் கிராமமாக நிலத்தை அளந்து, விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளம் போடப்பட்டது. அதே மன்றோ 1820-ல் மதராஸ் கவர்னரானார். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். சேலம் பக்கத்து வயல்களில் கற்ற பாடம் பிறகு மாகாணம் முழுவதற்கும் சட்டமானது. இன்றைக்கும் தாலுகா ஆபீஸில் நாம் கேட்கும் நில அளவை, பட்டா, கிஸ்தி என்ற பேச்சின் வேர்களில் ஒன்று 1792 போரில் இருக்கிறது.

பீடத்தில் இருக்கும் சிறுவர்கள்

இவ்வளவு பெரிய மாற்றம் நடந்ததற்கு ஏற்காட்டில் ஒரு அடையாளமும் இல்லை. அடையாளம் இருப்பது சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் கோட்டை அருங்காட்சியகத்தில்.

1640-ல் உருவான கோட்டை அது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்து, 1749-ல் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. இப்போது தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அங்கேதான் இருக்கின்றன. அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்டது. வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய இடம். அதன் கூரைமேல்தான் மதராஸின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 ஜனவரியில் இது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறை நடத்துகிறது. வாள்கள், துப்பாக்கிகள், சிறு பீரங்கிகள், ராணுவச் சீருடைகள், பதக்கங்கள், நாணயங்கள், கவர்னர்களின் ஓவியங்கள், கிளைவின் கடிதங்கள்... வாசலிலும் பீரங்கிகள் நிற்கின்றன.

உள்ளே ஒரு பெரிய பளிங்குச் சிலை. காரன்வாலிஸ்! லண்டன் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. 1800-ல் கப்பலில் மதராஸுக்கு வந்தது. ஊருக்குள் பல இடம் மாறிக் கடைசியில் இங்கே வந்து நின்றிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, முகத்தையும் உடையையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குனிந்து பீடத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தப் பீடத்தில்தான் திப்புவின் இரண்டு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

சேலம் மாவட்டத்திலிருந்து சுற்றுலா வரும் ஒரு மாணவன் அந்தப் பீடத்தின் முன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய ஊரும், அவன் போன லீவுக்குப் போன ஏற்காடும் கம்பெனிக்குப் போன தருணம்தான் அந்தக் கல்லில் இருக்கிறது. யாராவது சொன்னால் ஒழிய அவனுக்கு அது தெரியப்போவதில்லை. அவனைப் பொறுத்தவரை அது வெறும் வெள்ளைக்காரன் சிலை.

சிற்பியின் வேலை வெற்றி பெற்றவரைப் புகழ்வது. அதனால் மேலே இருப்பவர் கம்பீரமாக இருக்கிறார். ஆனால் அதே கல்லை ஒரு தகப்பனின் கண்ணால் பார்த்தால்? பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளை எதிரியிடம் அனுப்பிய நாள் அது. கல் ஒன்றுதான், நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கதை மாறுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மதராஸில் வெற்றி வீரராக நிற்கும் இதே காரன்வாலிஸ்தான் 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தவர். சரணடையும் சடங்குக்கு உடல்நலம் சரியில்லை என்று சொல்லித் தன் துணைத் தளபதியை அனுப்பினார். யார்க்டவுனில் இன்று அமெரிக்கப் புரட்சிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு அவர் தோற்றுப்போன தளபதி. இங்கே வருகிறவர்களுக்கு மைசூரை வென்ற வீரர். ஒரு மனிதரைப் பற்றிய உண்மையைக்கூட ஒரே அருங்காட்சியகத்தில் முழுதாகப் பார்த்துவிட முடியாது!

கூண்டும் குல்லாவும்

அதே கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு மரக்கூண்டு இருக்கிறது. மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த கேப்டன் பிலிப் ஆன்ஸ்ட்ரதர் 1840-ல் சீனாவில் சிறைப்பட்டபோது அவரை அடைத்து வைத்திருந்த கூண்டு. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கக்கூட முடியாத அளவு. பார்த்தவுடன் 'ஐயோ பாவம்' என்றுதான் தோன்றும். அது இயல்பு.

ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். மதராஸ் படைக்குச் சீனாவில் என்ன வேலை? அது முதல் அபினிப் போர். இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவில் விற்பதைச் சீன அரசு தடுத்தது. அந்தத் தகராறு முற்றி பிரிட்டன் போருக்குப் போனது. அந்தப் போருக்கு மதராஸிலிருந்தும் படைகள் போயின. கூண்டு மட்டும் பார்த்தால் சீனர்கள் கொடியவர்கள். கூண்டு எப்படி வந்தது என்று கேட்டால் கதையே வேறு. கேப்டன் பட்ட துன்பமும் உண்மை, அந்தப் போரின் அநியாயமும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளப் பழகுவதுதான் வரலாற்றுப் படிப்பு.

சீருடைகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் பொத்தான்களோடு இருக்கும் ஒரு சட்டை, ஒரு தொப்பி, அதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 1806-ல் வேலூர்க் கோட்டையில் ரத்தம் ஓடியதற்கு ஒரு தொப்பியும் காரணம். புதிய மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்று மதராஸ் படைத் தலைமை உத்தரவிட்டது. அந்தத் தலைப்பாகையில் தோல் பட்டையும் இருந்தது. இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு தரப்பினரும் கொதித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-ல் வீழ்ந்த பிறகு திப்புவின் குடும்பமும் அதே வேலூர்க் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தது. ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அன்றே அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் பிறகு திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

கிரேஞ்ச் பங்களாவில் பீரங்கி ஏற்றப்பட்டதாகச் சொல்லப்படுவதற்கு 51 வருடங்களுக்கு முன்னால் இது நடந்தது. சிப்பாய்க் கலகம் என்றால் மதராஸ் மாகாணத்து ஆங்கிலேயர்களுக்கு அது எங்கோ வடக்கே நடந்த சங்கதி மட்டும் அல்ல.

காணாமல் போன பெயர்கள்

கோட்டை அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தால் பெயர்கள் நிறையக் கிடைக்கும். கிளைவ், காரன்வாலிஸ், கவர்னர்கள், கேப்டன்கள். ஆனால் அவர்களுக்காகத் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களின் பெயர்? மூட்டை சுமந்த கூலிகள், பீரங்கி இழுத்த மாட்டு வண்டிக்காரர்கள், தண்ணீர் சுமந்தவர்கள்? இந்தப் படைகளில் பெரும்பான்மையோர் இந்த மண்ணின் ஆட்கள்தான். அவர்களில் அநேகர் பெயரில்லாமலேயே போய்விட்டார்கள்.

இது எல்லாக் காலத்திலும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. அதற்குச் சாட்சி சேர்வராயன் மலைக்கு வடக்கே கிடைக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் ஏராளம். போரில் விழுந்த வீரனுக்குக் கல் தேர்ந்தெடுத்து, நீராட்டி, நட்டு, வழிபடும் முறையைத் தொல்காப்பியமே வரிசையாகச் சொல்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட கற்களைப் பார்க்கலாம். அவற்றில் பல, அரசர்களுக்காக வைத்தவை அல்ல. ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதிச் செத்த சாதாரண ஆட்களுக்கு வைத்தவை. எந்த அரசன் காலம், யார் இறந்தது, எதற்காக என்பதைக் கல்வெட்டு சொல்லும்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்தவன் கருந்தேவக்கத்தி. அவனோடு அவனுடைய நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டு சொல்கிறது. 1400 வருடங்களுக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைத்த மண் இது! அதே மண்ணின் சிப்பாய்கள் கம்பெனிக்காக எத்தனையோ போர்களில் செத்தார்கள். அவர்களுடைய பெயரைக் காரன்வாலிஸ் பீடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது.

எதிர்த்து நின்றவர்களின் கதையும் அப்படித்தான். ஏற்காட்டிலிருந்து மலையிறங்கி, சேலத்தைத் தாண்டி ஈரோடு சாலையில் போனால் சங்ககிரி வரும். மலையடியிலிருந்து உச்சிவரை அடுக்கடுக்காக மதில்களும் வாசல்களும். திப்புவோடு சேர்ந்து நின்றவரும், கொங்கு நாட்டில் கம்பெனியை எதிர்த்தவருமான தீரன் சின்னமலை, தம்பிகளோடு 1805 ஜூலை 31-ல் தூக்கிலிடப்பட்டது இந்தக் கோட்டையில்தான். அங்கே கண்ணாடிப் பெட்டியும் இல்லை, பளிங்குச் சிற்பமும் இல்லை. வெயிலில் படியேறிப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் 1792-ன் கதையில் பீடத்தில் செதுக்காமல் விட்ட பக்கம் இங்கே இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு?

ராணுவ அருங்காட்சியகம் என்றாலே சிலருக்குப் பிடிப்பதில்லை. ஆளைக் கொல்லும் கருவிகளை அழகாக அடுக்கி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா, அது போர் வெறியைத்தானே வளர்க்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் கருவிகளை ஒளித்து வைப்பதால் நடந்த போர் நடக்காமல் போய்விடாது.

வேறு சிலர், இணையத்தில் படம் இருக்கிறதே, பார்த்தால் போதாதா என்கிறார்கள். படத்தில் அளவு தெரியாது. ஆன்ஸ்ட்ரதரின் கூண்டு முன் நிற்கும்போது உடம்பு தானாகவே அதற்குள் தன்னைப் பொருத்திப் பார்க்கிறது. பீரங்கிக் குண்டின் கனத்தைக் கற்பனை செய்து பார்க்கும்போதுதான், சேற்று வயலில் அதை இழுத்துப் போன மாடுகளின் நினைவு வருகிறது. பாடப் புத்தகத்தில் 'மூன்றாம் மைசூர்ப் போர், 1790-92' என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. பீடத்தின் முன் அது இரண்டு பிள்ளைகள்.

தோற்றவர்களின் பொருள்கள் எங்கே போகின்றன என்பதையும் அருங்காட்சியகங்கள் சொல்லித் தருகின்றன. திப்புவின் படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைப் பயன்படுத்தியது. பிடிபட்ட ராக்கெட்டுகள் இங்கிலாந்தில் வூலிச்சுக்குப் போய், அங்கே காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்க வழிகாட்டின. 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு நெருக்கமான ராக்கெட்டுகள் கிடைத்தன. இரண்டு நூற்றாண்டு சேற்றில் கிடந்த பிறகுதான் அவை சொந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. பொருள் அங்கே இருந்தால்தான் கதையும் அங்கே இருக்கும்.

ஆகவே, அடுத்த முறை பள்ளியிலோ கல்லூரியிலோ டூர் போகும்போது கோட்டை அருங்காட்சியகத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பொருளின் முன்பும் நான்கு கேள்வி போதும். இதைச் செய்தது யார்? இது யார்மேல் பயன்பட்டது? இங்கே எப்படி வந்தது? இதைப் பற்றிச் சொல்லாமல் விட்டது என்ன? பதில் பலகையில் எழுதியிருக்காது. நான்காவது கேள்விக்குப் பதில் தேடி வேலூருக்கோ, சங்ககிரிக்கோ, தர்மபுரிக்கோ போக வேண்டியிருக்கும். போக வேண்டும்!

அதே அருங்காட்சியகத்தில் இன்னொன்றையும் பார்க்காமல் வராதீர்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி. பட்டுத் துணி. 2013 முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. காரன்வாலிஸ் சிலைக்கும் அந்தக் கொடிக்கும் நடுவில் சில நிமிட நடைதான் தூரம். ஆனால் காலத்தில் அது 155 வருடம். அந்த 155 வருடத்தில் யார் யாரோ கொடுத்த விலையைத்தான் அருங்காட்சியகம் சேர்த்து வைத்திருக்கிறது.

ஏற்காட்டில் மாலை நேரம் லேடீஸ் சீட்டில் கூட்டம் நிற்கும். கீழே சேலம் சமவெளி. படைகள் வந்துபோன மண், ரீடும் மன்றோவும் அளந்த மண். பனி விலகினால் எல்லாம் தெளிவாகத் தெரியும். பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.